எஸ்தர் காணாமல் போன பிற்பகல்

இன்று காலை செவிலிமேடு நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தூறல் பிடித்தது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் பையிலிருந்து உள்ளங்கை அளவுப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உதற உதற அது ஒரு ரெயின்கோட்டாக விரிந்தது. இளஞ்சிவப்பு நிறம், கண்ணாடி மாதிரி மெல்லிசு. புது பிளாஸ்டிக் வாசனை என் முகத்தில் வந்து அடித்தது. பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "வர்றீங்களாமா?" என்றார். தலையை ஆட்டினேன், ஆனால் ஏறவில்லை. அந்தப் பெண் ஏறிப் போனாள். நான் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

அந்த வாசனை எனக்கு உன்னுடையது. வியட்நாமில், சைகோன் நடைபாதையில், கொட்டுகிற மழையில், இதே நிறத்தில் ஒன்றைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கை நுழைக்கிற ஓட்டை எங்கே என்று தெரியாமல் நீ தடுமாறிக்கொண்டிருந்தாய். நான் உதவிக்குக்கூட வராமல் அழுதுகொண்டிருந்தேன்.

நீ கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இங்கே ஒன்று நடந்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் சைகோனில் நாம் இறங்கிய அந்த முதல் நாளை முழுதாகச் சொல்லாமல் எனக்கு அது வாயில் வராது போலிருக்கிறது. நீயும் கூட இருந்த நாள்தான். இருந்தாலும் கேள்.

நம் மூவரின் பழக்கமும் கம்பெனி வேனில் தொடங்கியது. காலை ஆறு இருபதுக்கு மூங்கில் மண்டபம் நிறுத்தத்தில் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். நான் ஸ்டோர்ஸில், நீ இன்ஸ்பெக்‌ஷனில், எஸ்தர் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் நர்ஸ். கடைசிக்கு முந்தின சீட்டில் பதினேழு வருஷம் ஒன்றாக உட்கார்ந்தோம். வேன் ஓடினால் எஸ்தருக்குக் குமட்டும் என்பதால் ஜன்னலோரம் அவளுக்கு. நடுவில் நீ. நெசவுக்காரர் வீட்டுப் பெண் என்பதை நீ வாயால் சொன்னதே இல்லை, உன் விரல் சொல்லும். யாராவது பட்டுப்புடவை கட்டி ஏறினால் முந்தானையை இரண்டு விரலில் தேய்த்துப் பார்ப்பாய். "நல்லா இருக்குதும்மா" என்றால் அசல். ஒன்றும் சொல்லாமல் விட்டால் கலப்பு என்று எனக்கும் எஸ்தருக்கும் தெரியும்.

வியட்நாம் உன் யோசனை. கொரோனாவுக்கு முந்தின வருஷம், வேனில் உன் போனை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினாய். ஒரு தெரு முழுக்க ஸ்கூட்டர்கள், பாதிக்கு மேல் பெண்கள்.

"கடைங்ககூட பொம்பளைங்கதான் வெச்சி நடத்தறாங்களாம். ஒரு தடவ போயி பாத்துட்டு வந்துடலாம்மா. மூணு பேரும்."

திருப்பதியையும் வேளாங்கண்ணியையும் தாண்டாத மூன்று பேர். உன் வீட்டுக்காரர் சிரித்தபடி சரி என்றார். என்னவர் சோறு யார் வடிப்பது என்று இரண்டு நாள் கேட்டுவிட்டு ஓய்ந்தார். எஸ்தர் வீட்டுக்காரர்தான் ஒரேயடியாக முடியாது என்றார். அவளுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், வழி தெரியாத ஊரில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பார்ப்பது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் அவர் வீட்டுக்கே போனேன். "நான் இருக்கேன் இல்லண்ணா. எஸ்தர பத்திரமா கூட்டிக்கினு வரேன். எம் பொறுப்பு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நீ சொல்றதாலதாம்மா அனுப்பறேன்" என்றார்.

காலை எட்டு மணிக்கு சைகோனில் இறங்கினோம். இறங்கினதிலிருந்தே ஒன்றும் சரியாக நடக்கவில்லை. பெல்ட்டில் எல்லாப் பெட்டியும் வந்தன, எஸ்தருடையது வரவில்லை. அதே அரக்கு நிறத்தில், அதே அளவில் வேறொரு பெட்டி மட்டும் ஏழெட்டுச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு அரக்கு என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நீ உன் புடவைக் கரையைத் தூக்கி மேசைமேல் வைத்துக் காட்டினாய். அவள் எழுந்து வந்து கரையைத் தடவிப் பார்த்தாள். பெட்டியை மறந்துவிட்டுப் புடவையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். அங்கேயே இரண்டு மணி நேரம் போயிற்று.

அந்தப் பெட்டியில் எஸ்தரின் துணிமணி, ஏழு நாளைக்கான புளிக்காய்ச்சல், போன் சார்ஜர், மாத்திரை எல்லாம் இருந்தன. பயணத்தில் மாத்திரையைக் கைப்பையில் வை என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நர்ஸ், தன்னுடையதைப் பெட்டியில் போட்டிருந்தாள். கைப்பையில் இருந்தது ஒரே ஒரு வேளைக்கானது. அதையும் காலையில் போட்டுக்கொண்டாள். வெட்கத்தில் அவளுக்கு முகம் சின்னதாகிப் போயிற்று. "இத நீயே வெச்சிக்க மல்லி, இருக்கற நெலமைல இதையும் தொலச்சிருவேன்" என்று பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்தாள். நான் என் பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே நம் பேர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார் என்றார் டிராவல்ஸ்காரர். அட்டைகள் நிறைய இருந்தன, நம் பேர் எதிலும் இல்லை. ஊருக்குப் போன் போட்டால், "நாளைக்குத்தானம்மா வர்றீங்க?" என்று அவர் நம்மையே கேட்டார். விமானம் நள்ளிரவுக்கு மேல் கிளம்பியதில் அவருக்குத் தேதி குழம்பிவிட்டது. பிறகு ஒரு டாக்ஸி பிடித்தோம். வழியில் நீ திடீரென்று என் தொடையில் தட்டினாய். கட்டடங்களுக்கு நடுவே, நம் ஊர்த் தெருவில் பார்ப்பது மாதிரி பொம்மைகளோடு ஒரு கோபுரம். டிரைவர் கண்ணாடியில் நம்மைப் பார்த்து, "மாரியம்மன்" என்றார், அவ்வளவு தெளிவாக. அதுவரை வாயே திறக்காத எஸ்தர், "இந்தம்மா இங்கயும் வந்துட்டாங்களா" என்றாள். அன்று காலை நாம் சிரித்தது அப்போதுதான்.

ஓட்டலிலும் அறை தயாராக இல்லை. வரவேற்பில் இருந்த பெண் தன் மொழியில் போனிடம் ஏதோ சொன்னாள். போன் தமிழில், "உங்கள் அறை இன்னும் பிறக்கவில்லை" என்றது. நீ கொஞ்சமும் சிரிக்காமல், "பிரசவம் ஆவட்டும், நாம கடைக்குப் போயிட்டு வரலாம்" என்றாய். எஸ்தருக்கு மாற்றுத் துணியும் மாத்திரையும் வாங்க வேண்டும். பெட்டிகளை அங்கே போட்டுவிட்டு நடந்தோம்.

அந்தத் தெருவைக் கடந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஸ்கூட்டர்கள் ஓயவே இல்லை. இடைவெளி வரும் வரும் என்று கால் மணி நேரம் ஓரத்தில் நின்றோம். கூடை சுமந்த ஒரு பெண் நம்மைத் தாண்டி, எதையும் பார்க்காமல், ஒரே வேகத்தில் நடந்து அந்தப் பக்கம் போனாள். வண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. நீ அதைப் பார்த்துவிட்டு எங்கள் இருவர் கையையும் பிடித்தாய். "தேர் போற மாதிரி போவணும். ஓடவும் கூடாது, நிக்கவும் கூடாது" என்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தக் கரையில் இருந்தோம்.

பெரிய சந்தைக்குள் நுழைந்ததும் நீ துணிக்கடைகளில் சிக்கிக்கொண்டாய். பட்டு என்று சொல்லி ஒரு கடைக்காரம்மா எதையோ விரித்தார். நீ விரலில் தேய்த்தாய். ஓரத்தில் ஒரு நூலை உருவி, அசலா என்று கொளுத்திப் பார்க்க நெருப்பு வேண்டும் என்று சைகை காட்டினாய். கடையைக் கொளுத்தப் போகிறாய் என்று அந்தம்மா நினைத்துவிட்டார். அது சமாதானமாகி, அந்தம்மாவே லைட்டர் கொடுத்து, கருகிய நூலை நீங்கள் இருவரும் மாறி மாறி முகர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிநேகமானதை நான் தூரத்தில் நின்று பார்த்தேன். தூரத்தில், ஏனென்றால் எஸ்தர் டாய்லெட் தேட வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

தொப்பிகள் அடுக்கியிருந்த ஒரு கடை. அதன் பக்கத்தில் என்னை நிறுத்தி, "இங்கியே நில்லு மல்லி. எங்கியும் போயிராத. எனக்கு இந்தத் தொப்பிதான் அடையாளம்" என்றாள். சரி என்றேன். அவள் கூட்டத்துக்குள் போனாள்.

நான் நின்றேன். பத்து நிமிஷம், கால் மணி, அதற்கும் மேல். புழுக்கம். செருப்பு வாரில் கால் வீங்கிப் பிதுங்கியது. காலையிலிருந்து வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான். போனில் சார்ஜ் தீரப் போகிறது. எல்லாவற்றுக்கும் எஸ்தர்தான் காரணம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அவள் பெட்டி, அவள் மாத்திரை, இப்போது அவள் டாய்லெட். இவளை இழுத்துக்கொண்டு வந்ததே தப்பு என்றுகூட நினைத்தேன். அவள் வீட்டில் போய் மன்றாடிக் கூட்டி வந்தவள் நான்தான், அதையும் மறந்தேன். ஐந்து நிமிஷம் உன்னிடம் போய்விட்டு வரலாம் என்று நகர்ந்தேன்.

நீ என்னைப் பார்த்ததும் கேட்டாய், "எஸ்தர் எங்க?"

"ரூமுக்குப் போயிட்டா. தல வலின்னா."

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். எனக்கு உட்கார வேண்டும், ஒரு ஃபேனுக்குக் கீழே படுக்க வேண்டும். திரும்பி அந்தத் தொப்பிக் கடைக்குப் போகக் காலில் தெம்பு இல்லை. அவள் எப்படியும் வந்துவிடுவாள், ஓட்டல் இவ்வளவு பக்கம்தானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். நீ நம்பினாய். நம்பாமல் இருக்க உனக்கு என்ன காரணம்?

ஓட்டலில் அறை பிறந்திருந்தது. சாவியை அந்தப் பெண் நம்மிடம் நீட்டினாள். நீ சாவியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "சாவி இங்க இருக்குது. எஸ்தர் எங்க போனா?" என்றாய்.

அங்கேயே சொல்லிவிட்டேன். "அவ என்ன நிக்கச் சொன்னா. நான் நிக்கல."

நீ கத்தியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். நீ கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "சரி, வா" என்று மட்டும் சொன்னாய். வாசலைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை மாதிரி இல்லை, ஒரே வீச்சு. தெருவோரம் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் நீ இரண்டு ரெயின்கோட் வாங்கினாய். ஒன்றை என்மேல் போர்த்திவிட்டு இன்னொன்றோடு நீ போராடினாய். காலையில் கால் மணி நேரம் நின்ற அதே தெருவை நாம் அப்போது எப்படிக் கடந்தோம் என்று எனக்கு நினைவே இல்லை.

தொப்பிக் கடை அங்கேதான் இருந்தது, எஸ்தர் இல்லை. என் பையில் அவள் பாஸ்போர்ட் இருந்தது. அதைத் திறந்து அவள் போட்டோவை ஒவ்வொரு கடையாகக் காட்டினோம். தொப்பிக் கடைப் பெண், ஆமாம் என்று தலையாட்டி, அவள் நின்ற இடத்தைக் காட்டி, கைக்கடிகாரத்தில் ஒரு முழுச் சுற்று விரலை ஓட்டினாள். எஸ்தர் அந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். நான் நிற்கவேண்டிய இடத்தில்.

சந்தையைச் சுற்றி இருந்த தெருக்களில் அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே போனோம். மழைச் சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்கவில்லை. எஸ்தர் போன் சார்ஜ் இல்லாமல் காலையிலேயே அணைந்திருந்தது, இப்போது என் போனும் செத்துப்போயிற்று. ஓட்டல் பேர் எஸ்தருக்குத் தெரியாது, அந்த எழுத்தைப் படிக்கவே நமக்கு வரவில்லையே. கையில் அந்த ஊர்க் காசில்லை, பாஸ்போர்ட் இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறாள், எங்கேயாவது மயங்கி விழுந்திருந்தால்? அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை திரும்பத் திரும்ப வந்தது. போலீசுக்குப் போகலாம் என்று நான் அழுதேன்.

நீ ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாய். களைத்துவிட்டாய் என்று நினைத்தேன்.

"இரு. நாம தேடறத வுட்ரலாம். அவளா இருந்தா இன்னா பண்ணுவான்னு பாக்கலாம். இந்த ஊர்ல அவளுக்குத் தெரிஞ்ச பேரு எது?"

நான் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தேன்.

"ஒரே ஒரு பேருதான் தெரியும் மல்லி. காலைல டிரைவர் சொன்னது."

எதிரே வந்த ஒரு பெரியவரை நிறுத்தி, "மாரியம்மன்?" என்றாய். அவர் நேராகக் கையை நீட்டினார்.

கோயில் பத்து நிமிஷ நடைதான். இருட்டுவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. உள்ளே அந்த ஊர்க்காரர்கள் ஊதுபத்தியைக் கட்டாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கருவறைக்குப் பின்புறச் சுவரில் முகத்தை ஒட்டவைத்து ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் தரையில், ஈரத் தலையோடு, கைப்பை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி தின்ற ஒரு பன். பழக் கூடைக்காரி ஒருத்தி பக்கத்தில் குந்தியிருந்தாள். அவள்தான் எஸ்தரைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தவள். எஸ்தர் அவளிடம் சொன்னது அந்த ஒரே பேரைத்தான், நடுங்கிக்கொண்டே திரும்பத் திரும்ப. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நம் எஸ்தர்.

நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அழவில்லை.

"நிக்கச் சொன்னேனே மல்லி. திரும்பி வந்து பாத்தா நீ இல்ல. ஏன் போயிட்டீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் நீ பேசினாய்.

"நான்தான், எஸ்தர். நான்தான் மல்லிய வரச் சொல்லிக் கூட்டிக்கினு போயிட்டேன். நீ ரூமுக்குப் போயிருப்பேன்னு நெனச்சிட்டேன். எம்மேலதான் தப்பு."

எஸ்தர் உன்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் கையை. உன்னுடையதை இல்லை. ஓட்டல் வரைக்கும் விடவில்லை.

மறுநாள் காலை எஸ்தர் குளிக்கப் போயிருந்தபோது உன்னிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. நீ ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தாய். "அவ வூட்டுக்காரரு உன்ன நம்பி அனுப்பிச்சிருக்காரு. இது தெரிஞ்சா அப்புறம் எஸ்தர வாசப்படி தாண்ட வுடமாட்டாரு. எம்மேல கோச்சிக்கினா கோச்சிக்கட்டும். நாலு நாள்ல சரியாயிரும்" என்றாய். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஊருக்குப் போனதும் உனக்கு எப்ப தோணுதோ அப்ப நீயே சொல்லிரு" என்றாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் பெட்டி வந்து சேர்ந்தது. மிச்ச நாட்கள் நன்றாகவே போயின. ஆற்றில் படகில் போனோம், இளநீர் குடித்தோம், நீ பட்டுக் கடைக்காரம்மாவைத் தேடிப் போய் மறுபடி பார்த்தாய். எஸ்தரும் சிரித்தாள், பேசினாள். ஆனால் தெருவைக் கடக்கும்போதெல்லாம் என் பக்கம் வந்தாள்.

நாலு நாளில் சரியாகும் என்றாய். சரியாகவும் இல்லை, சண்டையாகவும் இல்லை. அது ஒரு கிண்டலாக மாறிப்போயிற்று, அதனால்தான் என்னால் சமாளிக்க முடிந்தது. வேனில் யாராவது வியட்நாம் என்றால், "இவளோட போனா நம்மள நாமளே எண்ணிப் பாத்துக்கினு போவணும்" என்பாள் எஸ்தர், உன்னைக் காட்டி. எல்லாரும் சிரிப்பார்கள். நீ சிரிப்பாய். நானும் சிரிப்பேன். உன் மகள் திவ்யாவின் கல்யாணத்தில், மாகறலில் சம்பந்தி வீட்டாருக்கு முன்னால்கூட அந்தக் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இதோ சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொல்லாமல் விட்ட நாள் கூடக்கூட, அதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்று பயம்தான் கூடிற்று.

பிறகு நீ படுக்கையில் விழுந்தாய். உன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார்கள். அதற்குள் ரிட்டயர் ஆகியிருந்த எஸ்தர் தினமும் காலையும் மாலையும் வந்து உனக்கு ஊசி போட்டாள், உடம்பைத் துடைத்துவிட்டாள், முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்தாள். யார் கூப்பிட்டும் வந்தவள் இல்லை. ஒரு நாள் உன் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொன்னாள், "பயப்படாதமா. நான் உன்ன மாதிரி வுட்டுட்டுப் போவ மாட்டேன்."

பாசமாகத்தான் சொன்னாள், கிண்டலாகத்தான் சொன்னாள். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தாய். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை, நான் சங்கடப்படுவேன் என்று. மூன்றே பேர் இருந்த அறை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் உன் போர்வையைச் சரிசெய்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு நாள்தான் இருந்தாய்.

பதினாறாம் நாள் காரியத்தில் திவ்யா எஸ்தரின் தோளில் சாய்ந்து, "அம்மா உங்கள அங்க வுட்டுட்டு வந்ததுக்கு நீங்க அவங்கள கடைசி வரைக்கும் பாத்துக்கினீங்க ஆன்ட்டி" என்று அழுதாள். கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எஸ்தரைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். அவள் பெரிய மனசுக்காரிதான். ஆனால் நீ அவளிடம் மன்னிப்பு வாங்கினவளாக ஆகிப்போனாய், செய்யாத ஒன்றுக்கு, உன் மகள் கண்ணிலேயே. அதைக் கேட்டுக்கொண்டு நான் பந்தியில் இலை போட்டேன்.

அதற்கு மேலும் எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று.

எஸ்தர் வீட்டுச் சமையலறையில் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொப்பிக் கடையிலிருந்து தொடங்கி, உன்னிடம் சொன்ன பொய், சாவி, நீ படியில் உட்கார்ந்து யோசித்தது, கோயிலில் எனக்கு முன்னால் நீ வாயைத் திறந்தது, மறுநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னது, எதையும் விடவில்லை. அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. கடைசியில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வுட்டுட்டுப் போவ மாட்டேன்னு அவகிட்ட சொன்னேனே, அப்ப நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"அவ சிரிச்சாளே மல்லி."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பாமல், "நீ கெளம்பு" என்றாள்.

நாற்பது நாளுக்கு மேல் என் போனை எடுக்கவில்லை. நான் அவள் தெருவுக்குப் போகவில்லை. போக எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவளைவிட உன்னிடம்தான் அந்த நாட்களில் அதிகம் பேசினேன். சமைக்கும்போது, துணி உலர்த்தும்போது.

போன மாதம் ஒரு காலை அவளே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். காபி வேண்டாம் என்றாள். முந்தின நாள் மாகறல் போய்த் திவ்யாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். தன் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாளாம். அவர் எழுந்து வெளியே போனாராம். திவ்யா ரொம்ப அழுதாளாம், பிறகு உன் போட்டோவைத் துடைத்துப் பூப் போட்டாளாம்.

"அஞ்சாறு வருசமா தப்புத் தப்பா சொல்லிக்கினு இருந்திருக்கேன். இனிமே நான் அந்தக் கதைய சொல்ல மாட்டேன். யாரு எங்க கேட்டாலும் நீதான் சொல்லணும். உன் வாயால."

சரி என்றேன். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் லாரிகள் வந்துகொண்டிருந்தன. அவள் என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் நான் வரும்வரை நின்று, பக்கத்திலேயே நடந்தாள்.

போன ஞாயிறு அவள் பேரனுக்கு ஞானஸ்நானம். என்னைக் கூப்பிட்டிருந்தாள். விருந்தில் அவளுடைய சம்பந்தி அம்மா பேச்சுவாக்கில், "உங்கள வெளிநாட்டுல ஒருத்தர் வுட்டுட்டு வந்துட்டாங்களாமே?" என்று கேட்டார். எஸ்தர் என் பக்கம் திரும்பி, காத்திருந்தாள். நான் கையிலிருந்த தண்ணீர் ஜக்கைக் கீழே வைத்தேன்.

"நான்தாங்க அது. நிக்கச் சொன்னாங்க. நான் நிக்கல."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "அப்புறம் எப்டி கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதே இல்லை, கவனித்தாயா? விட்டுவிட்டு வந்தவள் நீ என்று ஆனபிறகு, தேடிக் கண்டுபிடித்தவளும் நீதான் என்பதைச் சொல்ல அந்தக் கதையில் இடமே இல்லாமல் போயிற்று. அன்று சொன்னேன். மழையில் ஒருத்தி கடைப் படியில் உட்கார்ந்து, அவளாக இருந்தால் என்ன செய்வாள் என்று யோசித்தாள் என்று சொன்னேன். எஸ்தர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவை கேட்பவள் மாதிரி கேட்டாள்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இடத்தில் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "நான் நிக்கல" என்ற இடத்தில் எனக்குக் குரல் தடுக்குகிறது. இனி எப்போதும் தடுக்கும் என்றுதான் நினைக்கிறேன். தடுக்கிவிட்டு, மேலே சொல்லிச் சொல்லி நீ உட்கார்ந்த அந்தப் படிக்கு வந்துவிடுகிறேன்.